பிஷப் ஆக என்ன தகுதி வேண்டும்? பட்டம் இல்லாத ஒருவரும், மேதையான ஒருவரும் சொல்லித்தரும் பாடம்

திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் ஆழ்வார்திருநகரி தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் நாசரேத். அங்கே திருமறையூரில் 1930-களில் ஒரு இறையியல் கல்லூரி இருந்தது. கிராமத்துச் சபைகளுக்குப் போகப்போகும் குருமாரைத் தயார் செய்யும் இடம். அதன் தலைவர் ஸ்டீபன் நீல். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. தமிழ் நன்றாகத் தெரிந்தவர். 1939-ல் திருநெல்வேலி பிஷப் ஆனார். அப்போது அவருக்கு 38 வயது.

ஆறு வருடத்துக்குள் அந்தப் பதவி போய்விட்டது.

உடம்பு சரியில்லை, அதனால் விலகினார் என்றுதான் நீண்ட காலம் சொல்லப்பட்டது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவருக்கு இருந்தது உண்மை. ஆனால், பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் தேடிப் பார்த்த வரலாற்று ஆய்வாளர் டைரன் டாட்ரிட்டி 2008-ல் வெளியிட்ட புத்தகத்தில் இன்னொரு காரணத்தையும் எழுதினார். நீல், தன் கீழ் இருந்தவர்களை உடல்ரீதியாகத் தண்டிக்கும் பழக்கம் கொண்டவர். இந்தியக் குருவானவர் ஒருவரை அடித்ததுதான் பதவியையே காவு வாங்கியது.

சர்ச் தலைவருக்கான தகுதி என்று பைபிள் தரும் பட்டியலில், "அடிக்கிறவராக இருக்கக் கூடாது" என்பதும் ஒன்று. 20-ம் நூற்றாண்டில் இதையெல்லாமா எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றலாம். எழுதி வைத்தும் நடந்தது என்பதுதான் விஷயம்.

திருமண்டலத் தேர்தல் வந்தால், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரத்துப் பிள்ளைகளுக்கு ஊரில் இருந்து போன் வரும். "ஓட்டுப் போட வந்துருவியாடே?" யாருக்கு என்பதில் ஆளுக்கொரு பதில் இருக்கும். என்ன தகுதிக்காக என்று கேட்டால் பதில் கொஞ்சம் தடுமாறும். அந்தக் கேள்வியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பைபிள் கேட்கும் தகுதி என்ன?

புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 3-ம் அதிகாரம், தீத்துவுக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரம் என இரண்டு இடங்களில் இந்தப் பட்டியல் வருகிறது. நம் மொழியில் சுருக்கினால் இப்படி இருக்கும்:

- யாரும் விரல் நீட்டிக் குற்றம் சொல்ல முடியாதவர்
- மண வாழ்க்கையில் நேர்மையானவர்
- நிதானமும் அடக்கமும் உள்ளவர்
- வீட்டுக்கு வரும் அந்நியரையும் உபசரிப்பவர்
- கற்பிக்கத் தெரிந்தவர்
- குடிக்கு அடிமை இல்லாதவர்
- கை நீட்டி அடிக்காதவர், சண்டைக்காரர் அல்லாதவர்
- பண ஆசை இல்லாதவர்
- தன் வீட்டை ஒழுங்காக நடத்துபவர்
- நேற்று வந்து சேர்ந்த புதியவர் அல்லாதவர்
- சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நல்ல பெயர் எடுத்தவர்

மறுபடி ஒருமுறை பாருங்கள். இதில் 'திறமை' என்று சொல்லத்தக்கது கற்பிக்கத் தெரிவது ஒன்றுதான். வீட்டை நடத்துவதைப் பாதித் திறமை, பாதிக் குணம் எனலாம். மற்றது எல்லாமே குணம். மேடைப் பேச்சு, ஆங்கிலம், பணம் திரட்டும் சாமர்த்தியம், எத்தனை பேர் பின்னால் வருகிறார்கள் என்ற கணக்கு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவை ரகசியப் பரிசுத்தத்தைப் பற்றியவை அல்ல. தினமும் எத்தனை மணி நேரம் ஜெபிக்கிறார் என்று இந்தப் பட்டியல் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும், கடைக்காரரும், வீட்டில் வேலை செய்பவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்களைத்தான் கேட்கிறது. அதாவது, விசாரித்தால் தெரியும். விசாரிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடியில் இருக்கும் எதிர்பார்ப்பு.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்தப் பதவிக்குக் 'கண்காணி' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. கிரேக்க மூலச் சொல்லின் பொருளும் மேற்பார்வை பார்ப்பவர் என்பதுதான். ஆனால் தெற்கத்தித் தமிழர்களுக்கு அந்தச் சொல் இன்னொரு ஆளையும் நினைவுபடுத்தும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போய், அங்கே அவர்களை மேய்த்த கங்காணி. ஒரே சொல்லில் இருந்து வந்த இரண்டு ஆட்கள். சர்ச்சுக்கு எந்தக் கண்காணி வேண்டும் என்பதுதான் பட்டியலின் உள்ளடக்கம்.

வெள்ளாளன்விளைக்காரருக்கு என்ன தகுதி இருந்தது?

இதே தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்பா கிராமத்துக் குருவானவர். மெஞ்ஞானபுரத்தில் பள்ளி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் மேற்படிப்பு. ஆனால் பட்டம் வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. மற்றவரை அனுப்பியதோடு நிற்கவில்லை. தானே தெலுங்கு படித்துக்கொண்டு தோர்ணக்கல் பகுதிக்குப் போனார்.

1912 டிசம்பர் 29-ம் தேதி கொல்கத்தாவில் அவர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப்.

கேட்க எளிதாக இருக்கிறது. நடந்தது அப்படி இல்லை. 1877-லேயே திருநெல்வேலிக்கு கால்டுவெல், சார்ஜென்ட் என்று இரண்டு உதவி பிஷப்புகள் வந்துவிட்டார்கள். இருவரும் ஐரோப்பியர்கள். ஒரு இந்தியருக்கு அந்த இடம் கிடைக்க அதற்குப் பிறகு 35 வருடம் ஆனது. "இந்தியர்கள் இன்னும் பக்குவப்படவில்லை" என்பது மிஷனெரிகள் பலர் சொன்ன காரணம். அசரியாவின் பெயர் வந்தபோது எதிர்ப்பு வெள்ளைக்காரர்களிடம் இருந்து மட்டும் வரவில்லை, திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிடம் இருந்தும் வந்தது. அவர் நாடார் என்பதும் அதில் ஒரு காரணம்.

பட்டியலை மறுபடி பாருங்கள். அதில் நிறமும் இல்லை, சாதியும் இல்லை. பட்டியலில் இல்லாத தகுதியைக் கேட்டு ஒரு ஆளைத் தடுக்கப் பார்த்தார்கள்.

ஆழ்வார்திருநகரிக்காரர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. வேளாளர் குலத்தில் பிறந்த நம்மாழ்வாரை, வயதில் மூத்த அந்தணரான மதுரகவி ஆழ்வார் குருவாக ஏற்றார் என்பது இந்த ஊர்ப் புளியமரத்தடியில் இன்றும் சொல்லப்படும் கதை. குருவை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, தாமிரபரணிக் கரையில் சர்ச் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தையது.

அசரியா 32 வருடம் பிஷப்பாக இருந்தார். பெரும்பாலும் தலித் மக்களைக் கொண்ட சபைகள் அவருடையவை. மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போய் அந்தக் கிராமங்களில் தங்கினார். அந்த மக்களில் இருந்தே குருமாரை உருவாக்கினார். 1945 ஜனவரி 1-ம் தேதி தோர்ணக்கல்லில் இறந்தார். திருநெல்வேலியில் நீலின் காலம் முடிந்ததும் அதே 1945-ல்தான்.

மேதை எங்கே தவறினார்?

நீலை வில்லன் ஆக்குவது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கான பேச்சுவார்த்தைகளில் அவருக்குப் பங்கு உண்டு. இந்தியாவை விட்டுப் போன பிறகு ஹாம்பர்க்கிலும் நைரோபியிலும் பேராசிரியராக இருந்தார். இந்தியக் கிறிஸ்தவ வரலாறு பற்றி அவர் எழுதிய நூல்களை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஆனால் அதுதான் பிரச்சினையும். இவ்வளவு பெரிய அறிவாளி என்பதால், அடி வாங்கியவர்களின் கதை நீண்ட காலம் அதிகம் பேசப்படவில்லை. புத்தகம் எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியும். அடிபட்டவரின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவரும் ஒரு சபையின் குரு. அவருக்கும் வீட்டில் மனைவி பிள்ளைகள் இருந்திருப்பார்கள். பிஷப்பிடம் அடி வாங்கிவிட்டு அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு பீடத்தில் நின்றிருப்பார்?

திறமை குணத்துக்கு மாற்று இல்லை. அதைவிட முக்கியம், திறமை குணக்கேட்டை மறைக்கும். "ஆள் கொஞ்சம் அப்படித்தான், ஆனா வேலை நடக்கும்ல" என்று ஆபீஸில் மேனேஜரைப் பற்றிச் சொல்கிறோமே, அதே வாக்கியம்தான் சர்ச்சிலும் சொல்லப்படுகிறது.

இப்போது எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இந்தக் கடற்கரையில் இரண்டு பெரிய சபைகள், இரண்டு வேறு வழிகள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பிஷப்பை நியமிப்பவர் போப். அதன் சட்டத்தொகுப்பின் 378-வது விதி தகுதிகளைச் சொல்கிறது. உறுதியான விசுவாசம், நல்லொழுக்கம், விவேகம் இருக்க வேண்டும். நற்பெயர் இருக்க வேண்டும். வயது 35-க்குக் குறையக் கூடாது. குருவாகி ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இறையியலிலோ வேதாகமத்திலோ திருச்சபைச் சட்டத்திலோ உயர்பட்டம் அல்லது உண்மையான புலமை வேண்டும். நியமனத்துக்கு முன்பு ரகசியமாக விசாரிப்பார்கள். தூத்துக்குடியின் முதல் பிஷப்பாக 1923-ல் வந்த திபுர்சியுஸ் ரோச், நவீன காலத்தில் லத்தீன் ரீதியின் முதல் இந்திய பிஷப்.

சி.எஸ்.ஐ எனும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ம் தேதி உருவானது. 2003-ல் திருநெல்வேலித் திருமண்டலத்தில் இருந்து தூத்துக்குடி - நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. இங்கே வாக்களிப்பு உண்டு. சபைகள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும். அவர்கள் சேர்ந்த பெருமன்றம் பிஷப் பதவிக்கு ஒரு பெயர்ப் பட்டியலை வாக்களித்து அனுப்பும். அதில் இருந்து ஒருவரை சினாடு நியமிக்கும்.

முதல் வழியில் விசாரணை உண்டு, சாதாரணச் சபையாருக்கு அதில் பெரிய இடம் இல்லை. இரண்டாவதில் சபையாருக்கு ஓட்டு உண்டு, ஆனால் விசாரணையின் இடத்தைப் பிரச்சாரம் பிடித்துக்கொள்கிறது. வயது, உறுப்பினர் சந்தா, திருவிருந்து எடுப்பவரா என்பதையெல்லாம் பதிவேட்டில் பார்த்துவிடலாம். பண ஆசை இல்லாதவரா என்பதற்கு எந்தப் பதிவேட்டில் தேடுவது?

ஏன் இவ்வளவு போட்டி?

இந்தப் பதவிகளோடு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் சேர்ந்து வருகின்றன. மிஷனெரிகள் கட்டிய கல்விக்கூடங்கள்தான் இந்தப் பக்கத்தின் பெரிய சொத்து. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு, ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். ஒரு வேலை என்பது ஒரு குடும்பத்தின் முப்பது வருட வாழ்க்கை. அந்தக் கையெழுத்து யார் கையில் இருக்கிறதோ, அவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். பண ஆசை இல்லாதவராக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை, முதல் நூற்றாண்டைவிட இன்றைக்குத்தான் அதிகம் பொருந்துகிறது.

சபைக்குள் தீராத சண்டை நீதிமன்றத்துக்குப் போகிறது. பிஷப்புகளின் ஓய்வு வயதை 67-ல் இருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தம் உள்ளிட்ட சி.எஸ்.ஐ விவகாரங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2024 ஏப்ரலில், சினாடு தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற இரண்டு நீதிபதிகளை நீதிமன்றம் நியமித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

நீதிமன்றத்தால் விதி மீறப்பட்டதா என்று சொல்ல முடியும். இவர் தலைவராகத் தகுந்த மனிதரா என்று சொல்ல முடியாது. அது சபை செய்ய வேண்டிய வேலை.

"ஊழியரைக் குறை சொல்லலாமா?"

இந்தப் பேச்சு வந்தாலே வீட்டில் பெரியவர்கள் சொல்வது: "அபிஷேகம் பெற்றவரைப் பேசாதே, சாபம்." நம்பிக்கையோடு சொல்கிறார்கள். ஆனால் சர்ச் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

தகுதி இல்லாத குரு கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் பெரிய சண்டை நடந்தது. செல்லும், ஏனென்றால் அருள் கடவுளுடையது, குருவுடையது அல்ல என்றார் அகஸ்டின். அதையே ஆங்கிலிக்கன் சபையின் 26-வது கொள்கைப் பிரிவும் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு அங்கேயே முடிவதில்லை. கெட்ட ஊழியர்களை விசாரிக்க வேண்டும், தெரிந்தவர்கள் குற்றம்சாட்ட வேண்டும், குற்றம் உறுதியானால் பதவி நீக்க வேண்டும் என்று தொடர்கிறது. முதல் பாதியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

தீமோத்தேயுவின் கடிதமும் இரண்டு பக்கமும் பேசுகிறது. ஒரு மூப்பர் மீது குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்கிறது. தவறு செய்தவரை எல்லோர் முன்பும் கண்டிக்கச் சொல்கிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டு சாட்சி ஆகாது. மூடி மறைப்பது மரியாதையும் ஆகாது.

முன்பு தவறியவருக்குக் கதவு மூடியேதான் இருக்குமா?

பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று ஒரு சர்ச் இருக்கிறது. 1785-ல் அதைக் கட்டியவர் குளோரிந்தா, தஞ்சாவூரில் இருந்து வந்த மராட்டிய அந்தண விதவை. திருமணம் ஆகாமல் ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார் என்பதால் மிஷனெரி சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து பாளையங்கோட்டைச் சபையின் முதல் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டபோது, 40 பேரில் முதல் பெயர் அவருடையது.

ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை. காத்திருந்தார், பிறகு எல்லோரும் பார்க்க ஒரு சபையைக் கட்டி எழுப்பினார். கடந்த காலத் தவறு ஒன்று. இன்றும் தொடர்வதும் மறைக்கப்படுவதும் வேறு. பட்டியல் கேட்பது இரண்டாவதைப் பற்றி.

அவர் ஒரு பெண் என்பதையும் சொல்ல வேண்டும். மனைவி பற்றிய நிபந்தனையைக் காட்டி, இந்தப் பதவி ஆண்களுக்கு மட்டும்தான் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. சி.எஸ்.ஐ அதை மண வாழ்க்கையின் நேர்மை என்றே எடுத்துக்கொண்டது. 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்ப லலிதா பிஷப் ஆனார்.

அப்போ, ஓட்டுப் போடும் நீங்கள் என்ன கேட்கலாம்?

நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இந்த இருவரும் இணைய யாருக்காவது தடை தெரியுமா என்று ஊரறியக் கேட்கிறோம். குருப்பட்ட ஆராதனையிலும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், பட்டம் பெறுபவர்மீது ஏதாவது தடையோ குற்றமோ தெரிந்தால் முன்வந்து சொல்லும்படி பிஷப் சபையாரைக் கேட்பார். அது ஒரு சடங்காக வாசித்து முடிக்க எழுதப்பட்டதல்ல.

அந்தக் கேள்வியை ஓட்டுக்கு முன்பே நீங்கள் கேட்கலாம். உங்கள் சேகரத்தில் நிற்பவரைப் பற்றி:

- அவரிடம் வேலை செய்பவர்கள், அவரால் எந்த லாபமும் இல்லாதவர்கள், அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?
- கடைசியாகப் பொறுப்பில் இருந்தபோது கணக்கு வாசித்தாரா? கேள்வி கேட்டவரை எப்படி நடத்தினார்?
- கோபம் வந்தால் என்ன செய்வார்?
- பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்து, முஸ்லிம் குடும்பங்கள் அவர் பெயரைக் கேட்டால் முகம் மலர்வார்களா?
- அவர் சாதியைச் சேராதவர், அவருடைய அணியைச் சேராதவர் அவர் வீட்டு வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடுவாரா?

இவற்றுக்குப் பதில் தெரிந்துகொள்ள இறையியல் படிக்க வேண்டாம். ஊருக்குப் போய் இரண்டு டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். அடுத்த தடவை ஊரில் இருந்து போன் வந்து, "இவருக்குப் போட்டுரு" என்று சொன்னால், "சரி, ஆள் எப்படி?" என்று திருப்பிக் கேளுங்கள். "நம்ம ஆளுதான்" என்று மட்டும் பதில் வந்தால், உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று அர்த்தம்.